உள்ளான் பேசாத ஊர்

சிட்னியில் இறங்கிய அன்று தெருவெல்லாம் ஊதா நிறமாக இருந்தது. ஜகரண்டா மரங்கள் பூத்து, பூக்கள் நடைபாதையிலும், நிறுத்தியிருந்த கார்களின் மேலும், டூங்கபி ரயில் நிலையத்தின் படிகளிலும் உதிர்ந்து கிடந்தன. இங்கிலாந்தின் நார்விச்சில் நவம்பர் என்றால் நாலு மணிக்கே இருட்டிவிடும். அங்கிருந்து புறப்பட்டு, ஒரு பகலை வானத்தில் எங்கோ தொலைத்துவிட்டு வந்தவளுக்கு அந்த நிறத்தை நம்ப முடியவில்லை. பெட்டியை இழுத்துக்கொண்டு பூக்களின் மேலேயே நடந்தேன். மிதிக்காமல் நடக்க இடமில்லை.

நான் வந்தது ஒரு பறவைக்காக. நார்விச்சில் ஒரு பள்ளிக்கூடத்தின் அறிவியல் கூடத்தில் உதவியாளராக இருக்கிறேன். விடுமுறை நாட்களில் சதுப்பு நிலங்களுக்குப் போய்ப் பறவைகளின் ஒலியைப் பதிவு செய்வேன். லண்டனில் ஒரு சிறிய அறக்கட்டளை இருக்கிறது. பிரிட்டன்காரர்களும் ஜப்பான்காரர்களும் ஒருவரை ஒருவர் போய்ப் பார்த்துச் சேர்ந்து ஏதாவது கற்றுக்கொள்ளச் சின்னச் சின்ன நிதியுதவிகள் தருவார்கள். பெரிய ஆராய்ச்சிக்கெல்லாம் போதாது. ஒரு பாட்டுக் குழு போய்வரலாம், இரண்டு ஆசிரியர்கள் சந்திக்கலாம், அவ்வளவுதான். அதற்கு நானும் ஹொக்கைடோவில் உயிரியல் ஆசிரியையாக இருக்கும் கயோகோவும் விண்ணப்பித்தோம். படிவத்தில் நான் பிரிட்டன். என் சொந்த ஊரான திருநெல்வேலியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

எங்கள் பறவை உள்ளான். இங்கிலாந்து உள்ளான் வசந்த காலத்தில் உயரே போய்ச் சரிந்து இறங்கும்போது வால் இறகுகளில் காற்றுப் பட்டு ஆடு கத்துவது போல ஒரு சத்தம் வரும். ஜப்பானில் அதன் பங்காளி ஒன்று உண்டு. அது இறங்கும்போது வானமே கிழிவது போல இருக்குமாம்; ஊர்க்காரர்கள் அதை இடி உள்ளான் என்கிறார்கள். இரண்டு நாட்டுப் பள்ளிப் பிள்ளைகளும் இந்த இரண்டு ஒலிகளையும் பரிமாறிக்கொண்டு பாடம் படிப்பதுதான் எங்கள் திட்டம். இடி உள்ளான் குளிர்காலத்துக்கு முன்பே பசிபிக் கடலைத் தாண்டி ஆஸ்திரேலியாவுக்கு வந்துவிடுகிறது. "இரண்டு நாட்டவர் சந்திக்க மூன்றாவது நாடு எதற்கு?" என்று அறக்கட்டளையிலிருந்து கேட்டார்கள். "பறவை அங்கேதான் இருக்கிறது" என்று கயோகோ ஒரே வரியில் பதில் போட்டாள். அனுமதி வந்தது.

டூங்கபியில் சுகந்தியின் வீடு. நார்விச்சில் என் எதிர்வீட்டில் இருந்தவள், யாழ்ப்பாணத்துக்காரி. சிட்னிக்கு வந்து எட்டு வருடம் ஆகிறது. வாசலிலேயே பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு, "முதல்ல சாப்பிடுங்கோ, பிறகு கதைப்பம்" என்றாள். இடியப்பமும் சொதியும் தேங்காய்ச் சம்பலும். சொதியில் அவள் எலுமிச்சை பிழிந்த வாசனையை முகர்ந்தபடி உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப்போனேன் போலிருக்கிறது. எழுந்தபோது மறுநாள் காலை. யாரோ எனக்குப் போர்வை போர்த்தியிருந்தார்கள்.

சுகந்தி ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இந்தச் சத்தத்துக்குள்ள எப்பிடி நித்திரை கொண்டனீங்கள்?"

"என்ன சத்தம்?"

அவள் கூரையில் இருந்த புகை எச்சரிக்கைக் கருவியைக் காட்டினாள். பேட்டரி தீர்ந்துபோய் ராத்திரி முழுக்க நிமிடத்துக்கு ஒருமுறை கத்தியதாம். நான் நிமிர்ந்து பார்த்தேன். அதில் ஒரு சிவப்புப் புள்ளி மினுங்கியது. ஒவ்வொரு முறை மினுங்கும்போதும் சுகந்தியின் முகம் சுருங்கியது. எனக்கு வீடு அமைதியாக இருந்தது.

அவள் கீழே இறங்கி என் முன்னால் உட்கார்ந்தாள். "உங்களுக்குக் கேக்கேல்லையோ?"

"கேக்கல."

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷம் இருக்கும். டாக்டர்கிட்ட போனேன். கீச்சுன்னு மெல்லிசா வர்ற சத்தமெல்லாம் போயிடுச்சுன்னார். காதுல கருவி வைக்க நாள் குடுத்தாங்க. திரும்பிப் போய்ப் பாத்துக்கலாம்னு தள்ளி வச்சிட்டேன்."

"அந்த ஜப்பான்காரிக்குத் தெரியுமோ?"

நான் தலையசைத்தேன், இல்லை என்று.

"அவா உங்கட காதை நம்பியெல்லோ வாறா" என்றாள் சுகந்தி. குரலில் கோபம் இல்லை. "சொல்லிப்போடுங்கோ அக்கா."

"பறவையப் பாத்துட்டு சொல்றேன்."

உள்ளானின் தாழ்ந்த ஒலி எனக்கு நன்றாகவே கேட்கும். அதனால்தான் என்னை நானே ஏமாற்றிக்கொள்ள முடிந்தது. அன்று மதியம் சுகந்தியின் வீட்டுப் பின்புறத்தில் துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே நீலத் தலையும் நிமிர்ந்த வாலுமாக ஒரு கட்டைவிரல் அளவுக் குருவி வந்தது. அலகைத் திறந்தது, தொண்டை துடித்தது. உடம்பு முழுவதும் நடுங்கும்படி அது எதையோ பாடியது. என் காதுக்கு ஒன்றும் வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் நின்று பாடுகிற மாதிரி இருந்தது. நான் வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் கயோகோவுக்கு ஏதாவது இனிப்பு வாங்கலாம் என்று ஹரிஸ் பார்க் போனோம். தெருவே நெய்யும் ஏலக்காயுமாக மணத்தது. ஒரு கடையில் கொதிக்கும் எண்ணெயில் ஜிலேபி பிழிந்துகொண்டிருந்தார்கள். எனக்கு முன்னால் நின்றவர் கையில் தட்டு நிறைய ஜிலேபியோடு போனில் இந்தியில் பேசிக்கொண்டிருந்தார். அரைகுறையாகப் புரிந்தது. "சாப்பிட்டேன் அம்மா. வீட்டுச் சாப்பாடுதான். இனிப்பா? தொட்டே மாதக்கணக்காகிறது." எங்களைப் பார்த்ததும் தட்டை மறுபக்கமாக மறைத்துப் பிடித்துக்கொண்டார். சுகந்தி அடக்க முடியாமல் சிரித்தாள். ஆண்களின் கனத்த குரலில் ஒரு வார்த்தைகூட எனக்குத் தவறாது. பெண்களும் குழந்தைகளும் பேசும்போதுதான் உதட்டைப் பார்க்க வேண்டியிருந்தது.

கயோகோவைச் சந்திக்க மெல்பேர்ணுக்குத் தனியாகப் புறப்பட்டேன், பகல் ரயிலில் பதினோரு மணி நேரம். யூகலிப்டஸ் மரங்கள், காய்ந்த புல்வெளி, ஆடுகள், மறுபடி மரங்கள். நம் ஊரில் பதினோரு மணி நேரம் போனால் நாலு மொழி மாறும், நாற்பது பேர் டீ விற்பார்கள். இங்கே ஒரே நிலம் மெல்ல நிறம் மாறிக்கொண்டே வந்தது, தூக்கத்தில் புரண்டு படுப்பது போல. ஓரிடத்தில் ரயில் வெட்டவெளியில் நின்றுவிட்டது. ஒலிபெருக்கியில் ஒரு பெண் எதையோ சொன்னாள். பெட்டியில் எல்லோரும் சிரித்தார்கள்; நானும் சிரித்தேன். பக்கத்து இருக்கைப் பெரியவர் என்னிடம் திரும்பி ஆர்வமாக எதையோ கேட்டார். நான் மறுபடி சிரித்தேன். அவர் குழப்பத்தோடு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முக்கால் மணி நேரம் நின்றோம். எதற்காக என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கயோகோ நிலையத்தில் காத்திருந்தாள். இரண்டு வருடமாகக் கணினித் திரையில் பார்த்த முகம். நேரில் என் தோள் உயரம்தான். வயது நாற்பதுக்குச் சற்று மேல். குனிந்து வணங்கிவிட்டு, பிறகு யோசித்து, என்னைக் கட்டியும் பிடித்தாள். "மல்லிகா-சான், நீங்கள் திரையில் இவ்வளவு உயரமாக இல்லை" என்றாள். நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில். அவளுடையதும் என்னுடையதும் பள்ளிக்கூடத்தில் கற்ற ஆங்கிலம் என்பதால் இருவருக்கும் வசதி. அவள் கடற்பாசி சுற்றிய சோற்று உருண்டைகள் கொண்டுவந்திருந்தாள், நடுவில் உப்பில் ஊறிய பிளம் பழம். புளிப்பு கண்ணில் நீர் வரவைத்தது. நான் ஜிலேபிப் பெட்டியைத் திறந்தேன். ஒன்றை இரண்டு கையாலும் ஏந்திச் சாப்பிட்டுவிட்டு, "இது ஒரு உணவா, சம்பவமா?" என்று கேட்டாள்.

நகரின் தென்கிழக்கே கிளேட்டனில் எங்களுக்கு ஒரு வீடு கிடைத்திருந்தது. பல்கலைக்கழகத்தில் வேலை பார்க்கும் ஒரு தமிழர் மாநாட்டுக்குப் போகும்போது சாவியை விட்டுச் சென்றிருந்தார். குளிர்பதனப் பெட்டியின் மேல், "இட்லி மாவு உள்ளே. கூச்சப்பட வேண்டாம்" என்று எழுதி ஒட்டியிருந்தது.

சதுப்பு நிலம் அங்கிருந்து தெற்கே, கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே. முதல் நாள் விடியலுக்கு முன் கிளம்பினோம். அன்று ரயில் ஓடவில்லை, அதற்குப் பதில் பேருந்து என்றார்கள். பேருந்து எங்களை ஏற்றிக்கொண்டு எதிர்த்திசையில் போனது. இறங்கி மறுபக்கம் நின்றோம். ஒருவழியாகப் போய்ச் சேர்ந்து நடந்தபோது, என் பின்மண்டையில் பட்டென்று ஓர் அடி. திரும்பினால் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு மேக்பை, அடுத்த தாக்குதலுக்கு வட்டமடித்துக்கொண்டிருந்தது. கூடு கட்டும் காலத்தில் அது ஆட்களைப் பின்னாலிருந்து வந்து கொத்தும். சைக்கிளில் போன ஒருவர் தலைக்கவசம் முழுக்க முள்ளம்பன்றி போலப் பிளாஸ்டிக் குச்சிகளைச் செருகியிருந்தார். "கத்திக்கொண்டேதானே வந்தது, ஏன் குனியவில்லை?" என்று கயோகோ சிரித்துக்கொண்டே கேட்டாள். அப்போதே சொல்லியிருக்கலாம். "பராக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்" என்றேன்.

சதுப்பின் மேல் மூடுபனி இருந்தது. தண்ணீருக்கு அப்பால் ஓட்டு வீடுகளின் வரிசை. ஒரு ஜன்னலில் யாரோ விளக்கைப் போட்டார்கள். கறுப்பு அன்னங்கள் சத்தமே இல்லாமல் பனிக்குள்ளிருந்து வந்து பனிக்குள் போயின. இடி உள்ளான் இங்கே இடிப்பதில்லை. பகலெல்லாம் புல்லுக்குள் புல்லாக உட்கார்ந்திருக்கும். கிளம்பும்போது மட்டும் காய்ந்த குச்சி ஒடிவது போல ஒரு சின்னக் குரல். நம் ஊர்க் குளங்களுக்கு வரும் உள்ளானும் அப்படித்தான். கூடு கட்டும் ஊரில் பாடும். விருந்துக்கு வந்த ஊரில் வாயைத் திறக்காது. அந்தச் சின்னக் குரலைப் பிடிக்கத்தான் நான் வந்திருந்தேன். கயோகோ எண்ணிக்கை எடுக்க மறுகரைக்குப் போனாள். நான் காதில் ஒலிவாங்கியின் இணைப்பை மாட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். நடுநடுவே நேரத்தைச் சொல்லிப் பதிவில் குறித்தேன்.

வீடு திரும்பி, இட்லிக்கு அடுப்பில் பாத்திரத்தை வைத்தேன். கயோகோ பதிவைக் கணினியில் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒலியைப் படமாக வரைந்து காட்டும் மென்பொருள் ஒன்று எங்களிடம் உண்டு. தாழ்ந்த ஒலி கீழேயும், உயர்ந்த ஒலி மேலேயும் கோடுகளாக ஓடும். கொஞ்ச நேரத்தில் அவள் என்னைக் கூப்பிட்டாள். நான் திரும்பியபோது அவள் ஏற்கெனவே பலமுறை கூப்பிட்டிருக்கிறாள் என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

"இதைக் கேளுங்கள்."

என் குரல் ஒலித்தது. "மணி ஏழு இருபது. உள்ளான் இல்லை."

"உங்கள் குரலுக்குப் பின்னால்" என்றாள் கயோகோ. திரையில் என் குரலுக்கு மேலே, மூன்று மெல்லிய கீற்றுகள் இருந்தன. பறவை எனக்குப் பின்னாலிருந்து கிளம்பி, மூன்று முறை குரல் கொடுத்து, என்னைத் தாண்டிப் போயிருந்தது. நான் அது இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

இட்லிப் பாத்திரம் கொதித்தது. நான் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர், தள்ளிப்போட்ட நாள், புகைக் கருவி, ரயிலில் சிரித்த சிரிப்பு.

நான் எதிர்பார்த்தது ஆறுதலை. அவள் வேறொரு கோப்பைத் திறந்தாள். போன வசந்தத்தில் நார்விச்சிலிருந்து நான் அனுப்பிய பதிவு. உள்ளானின் ஆட்டுக் குரல் கேட்டது. அதற்கு மேலே, படத்தின் உச்சியில், முழு நீளத்துக்கும் ஒரு கோடு ஓடியது.

"இதில் ஓயாமல் ஒரு பூச்சி இழுத்துக் கத்துகிறது என்று என் மாணவர்கள் சொன்னார்கள். 'வேறு ஒலி எதுவும் இல்லாத சுத்தமான பதிவு' என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அதனால் அது கருவியின் இரைச்சல் என்று நான் அவர்களிடம் சொன்னேன். ஒரு பெண் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் நான் அவள் தவறு என்றேன்."

அது பூச்சி இல்லை. வெட்டுக்கிளி போல இழுத்துப் பாடும் ஒரு சிறு கதிர்க்குருவி. அந்தச் சதுப்பில் அது இருக்கும் என்று எனக்குத் தெரியும். முன்பெல்லாம் அதன் குரலைக் கேட்டுத்தான் கோடை வந்துவிட்டது என்பேன். அந்த வருடம் அது வரவில்லை என்று நினைத்திருந்தேன்.

"என்னிடம் சொல்லியிருக்க வேண்டும்" என்றாள் கயோகோ. "விண்ணப்பத்தில் என் கையெழுத்தும் இருக்கிறது." மேல்சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டாள். வேகவைத்த இட்லிகளை நான் சாப்பிடவில்லை.

மறுநாள் மழை. நான் எழுவதற்கு முன்பே அவள் சதுப்புக்குப் போயிருந்தாள். எனக்கு இடம் தெரியும், போயிருக்கலாம், துணிச்சல் வரவில்லை. கிளேட்டன் தெருக்களில் குடை பிடித்து நடந்தேன். ஒரு சின்னக் கடையில் தோசை சாப்பிட்டேன். பக்கத்து மேசையில் இரண்டு மாணவிகள் விசாவைப் பற்றியும் வீட்டு வாடகையைப் பற்றியும் தமிழும் ஆங்கிலமுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். மழைச் சத்தத்தில் பாதி வார்த்தைகள்தான் வந்தன. மீதியை இட்டு நிரப்பிக்கொண்டேன். ஒரு வருடமாக நான் செய்துகொண்டிருந்தது இதைத்தான் என்று அப்போது தோன்றியது. கேட்காத இடங்களை எனக்குத் தெரிந்ததைக் கொண்டு அடைத்திருக்கிறேன். தெரிந்தவள் என்று பேர் வாங்கியிருந்ததால் யாரும் சந்தேகப்படவில்லை.

சுகந்திக்குப் போன் செய்தேன். "சொல்லிட்டேன்."

"என்னவாம்?"

"கோவமா போயிட்டா."

"போகட்டும். அது நியாயமான கோவம்தானே. வருவா."

மாலையில் கயோகோ நனைந்துபோய் வந்தாள். சூடாக ரசம் வைத்துக் கொடுத்தேன். கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து முழுவதும் குடித்தாள். பிறகு, "நாளைக் காலை என் வகுப்பு இருக்கிறது. காணொளியில் பேசலாம் என்று சொல்லியிருக்கிறேன். அந்தப் பெண்ணிடம் நீங்களே சொல்ல வேண்டும்" என்றாள்.

"சொல்கிறேன்" என்றேன்.

திரையில் ஒரு வகுப்பறை தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே ஹொக்கைடோவில் முதல் பனி. நீலச் சீருடையில் முப்பது பிள்ளைகள். கயோகோ மொழிபெயர்க்க, நான் பேசினேன். எனக்கு உயர்ந்த, மெல்லிய ஒலிகள் கேட்பதில்லை, அதை மறைத்தேன், பதிவில் இருந்தது இரைச்சல் அல்ல, உயிருள்ள பறவை, உங்கள் காது சரியாகக் கேட்டது, உங்கள் ஆசிரியையைத் தவறாகச் சொல்லவைத்தது நான்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கண்ணாடி போட்டவள். ஏதோ கேட்டாள். கயோகோ என்னைப் பார்த்துச் சொன்னாள்: "கேட்காவிட்டால், அது பறவைதான் என்று இப்போது எப்படித் தெரியும் என்கிறாள்."

நான் ஒலிப்படத்தைத் திரையில் காட்டினேன். நீண்ட கோட்டைப் பெரிதாக்கினேன். கிட்டப் பார்த்தால் அது கோடு இல்லை. தையல் போல நெருக்கமான புள்ளிகள். நடுவில் ஓரிடத்தில் கோடு லேசாகத் தேய்ந்து மறுபடி அழுத்தமாகிறது. பறவை பாடிக்கொண்டே தலையைத் திருப்பும்போது அப்படி ஆகும் என்றேன். இயந்திரம் தலையைத் திருப்பாது. அந்தப் பெண் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்தவளிடம் ஏதோ சொல்ல, வகுப்பு முழுவதும் கலகலத்தது. "நான்தான் சொன்னேனே என்கிறாள்" என்றாள் கயோகோ. இரண்டு நாட்களுக்குப் பிறகு அப்போதுதான் அவள் சிரித்தாள்.

அன்றே அறக்கட்டளைக்கு எழுதினோம். ஒலி கேட்கும் பொறுப்பு இனி கயோகோவுடையது, ஒலிப்படங்களைப் படிக்கும் பொறுப்பு மல்லிகாவுடையது, பழைய குறிப்புகளை இருவரும் சேர்ந்து திருத்துவோம், ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கவும். செயலாளர் அம்மையாரிடமிருந்து இரண்டு வரிப் பதில் வந்தது. "பரிமாற்றத்துக்காகத்தான் இந்த உதவி. நீங்கள் வேலைகளைப் பரிமாறிக்கொண்டதில் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை." நகைச்சுவையாக எழுதினாரா, அவர் சுபாவமே அதுதானா என்று எங்களால் முடிவுசெய்ய முடியவில்லை.

மிச்சமிருந்த நாட்களுக்கு ஒரு வேலை முறையை வகுத்துக்கொண்டோம். கயோகோ ஒலிவாங்கியின் இணைப்பைக் காதில் மாட்டிக்கொண்டு கண்ணை மூடியிருப்பாள். நான் திரையைப் பார்த்திருப்பேன். அவள் கையைத் தூக்கும் அதே கணத்தில் என் திரையில் கீற்று எழும். சில சமயம் அவள் தவறவிட்டதை நான் பார்த்தேன். காற்றுக்கு அடியில் மறைந்திருந்த ஒன்றை, லாரி இரைச்சலுக்கு மேல் துளிர்த்த ஒன்றை. அப்போது அவள் கண்ணைத் திறந்து, என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, குறிப்பில் எழுதிக்கொள்வாள்.

கடைசி நாள் சாயங்காலம். மழை விட்டு வானம் பழுத்த கொய்யா நிறத்தில் இருந்தது. கருவியின் மின்கலம் தீர்ந்துவிட்டது. எல்லாவற்றையும் பையில் கட்டி வைத்துவிட்டு, ஈரமான மரப் பலகையில் சும்மா உட்கார்ந்திருந்தோம். வீடுகளில் சமையல் தொடங்கியிருந்தது. வெங்காயம் வதங்கும் வாசனை தண்ணீரைத் தாண்டி வந்தது.

அப்போது எங்களுக்கு முன்னால் புல் பிரிந்தது. நாலடி தூரம்கூட இல்லை. பழுப்பும் வெளிர் மஞ்சளுமாகக் கோடுகள் போட்ட ஒரு பறவை, தன் உடம்புக்குப் பொருந்தாத நீள அலகோடு, ஒவ்வொரு காலாக எடுத்து வைத்து வெளியே வந்தது. ஒரு கடலை முழுவதுமாகத் தாண்டி வந்த உடம்பு. என் இரண்டு உள்ளங்கைகளுக்குள் அடங்கிவிடும். அது எங்களைப் பார்த்தது. பிறகு எங்களைப் பொருட்படுத்தாமல் சேற்றில் அலகை இறக்கி, ஊசி தைப்பது போல மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு மேய ஆரம்பித்தது. அலகு நுழைந்து வெளிவரும்போது சேற்றில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன. அவற்றில் வானத்தின் நிறம் நிரம்பியது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கயோகோ தலையைத் திருப்பாமல், உதடு மட்டும் அசைய என்னிடம் கேட்டாள். அதைப் படிக்க எனக்கு வெளிச்சம் போதுமாக இருந்தது.

"உங்களுக்கு ஏதாவது கேட்கிறதா?"

இல்லை என்று தலையசைத்தேன்.

"எனக்கும் கேட்கவில்லை" என்றாள்.